அதையே மூன்று இடத்தில்

அந்த நாற்காலி வேண்டாம்மா. இப்படி வா, சோபாவுல உட்காரு. அதுல ஒண்ணும் இல்லை, பிரம்பு இத்துப்போச்சு. பார்த்தா தெரியாது, உட்கார்ந்தாத்தான் தெரியும். ஃபேனுக்குக் கீழே வா. அந்தத் தண்ணி பாட்டிலைத் தரையில வைக்காதே, கையிலேயே வச்சுக்கோ. இந்தத் தரை எதை வச்சாலும் கிழக்கு மூலைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடும்.

பேரு என்ன சொன்னே, ஃபர்ஹானாவா? சிவில் படிச்சியா? அதுலயும் மண்ணு. ம். மண்ணைப் படிக்கணும்னு ஒரு பொண்ணுக்கு எப்படித் தோணுதோ. சரி, அதை விடு. கேட்டுல நிக்கும்போது சார் தூங்குறார்னு சொன்னேன் இல்லையா, தூங்கலை. ஆபீஸ்லேருந்து யார் வந்தாலும் அப்படித்தான் சொல்றது. நீ இந்த வெயில்ல ஸ்கூட்டியை ஓட்டிக்கிட்டு வந்து நின்னே, மூஞ்சி கறுத்துப்போய் இருந்துச்சு, மனசு கேக்கலை. அவர் பின்னாடி தோட்டத்துல இருக்கார். ஆனா பார்க்க முடியாது. அவருக்கு உடம்பு சரியில்லை. உடம்புன்னா சர்க்கரை, பிரஷர் அதெல்லாம் இல்லை. மனசுன்னும் சொல்ல முடியாது. அந்த ரிக் விஷயத்துக்கு அப்புறம் ஆள் ஒரு மாதிரி ஆயிட்டார். அதனால நீ கொண்டுவந்திருக்கிற காகிதத்தை அவர் கண்ணுல காட்டக் கூடாது. என்கிட்ட சொல்லு, நான் கேக்குறேன்.

ஓ. அதே கடலா. பழைய இடத்துக்குப் பக்கத்துலேயா? அங்கேயா மறுபடி ஒரு ரிக்கைக் கொண்டுபோய் நிறுத்தப் போறாங்க? சரி. மண் ரிப்போர்ட் நீ எழுதினது. அதை உங்க மேலதிகாரி திருப்பிக் கொடுத்துட்டார். தொனி சரியில்லை, மிரட்டுற மாதிரி இருக்கு, சாயங்காலத்துக்குள்ள மாத்திக்கிட்டு வான்னுட்டார். மாத்தலாமா கூடாதான்னு சார் ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதானே?

அட, இதுக்கு சார் எதுக்கு. இதுக்கு ஆள் நான்.

சிரிக்கிறியா? சிரிக்கலையா, சரி. காபி போடட்டுமா? அப்புறமா. அப்ப முதல்ல கேட்டுக்கோ.

நான் நாகப்பட்டினத்துல கான்வென்ட்ல படிச்சவ. எங்களுக்கு சிஸ்டர் அகதான்னு ஒருத்தங்க, மங்களூர்ப் பக்கம். கட்டுரை நோட்டைத் திருத்திக் கொடுத்தாங்கன்னா நாம எழுதினது நாலு வரிதான் மிஞ்சும், அந்த நாலு வரியும் முத்து மாதிரி இருக்கும். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்லணும், ரெண்டாவது தடவை சொன்னா அது மார்க்கெட்காரி கூவுறது, அப்படிம்பாங்க. அப்புறம், படிச்சவங்களுக்கு எழுதும்போது செய், செய்யாதேன்னு எழுதக் கூடாது. செய்தால் நலம்னு எழுதணும். கை நீட்டி மிரட்டக் கூடாது, கதவைத் திறந்து பிடிக்கணும். அந்த வளர்ப்பு எனக்கு. இப்பவும் கரண்ட் ஆபீசுக்கு நான் ஒரு மனு எழுதினா, அங்கே இருக்கிறவங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுறாங்களாம்.

எங்க வீட்டுக்காரர் பேராவூரணிப் பக்கம். பத்தாவது வரைக்கும் என்ன, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்லதான். மண்ணைப் பத்திப் பேசச் சொன்னா வாய் மூட மாட்டார். அதையே இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா உங்க கலியமூர்த்தி சாருக்குச் சட்டை நனைஞ்சிடும். கல்யாணமான புதுசுல அவர் எழுதின ரிப்போர்ட் ஒண்ணு டைனிங் டேபிள்ல கிடந்துச்சு. படிச்சுப் பார்த்துட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கலை. "என்னங்க இது, யாரோ செத்துட்டாங்கன்னு தந்தி அடிச்ச மாதிரி இருக்கு"ன்னேன். மனுஷன் கோவப்படலை. "அப்ப நீ எழுது பார்ப்போம்"னார். அன்னையிலேருந்து அவர் ரிப்போர்ட் ஒண்ணுகூட என் கையைத் தாண்டாம வெளியே போனதில்லை. மண்ணு அவருது, இங்கிலீஷ் என்னுது. ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்களாம், சார், நீங்க பேசும்போது ஒரு மாதிரி இருக்கு, எழுதும்போது வேற ஆளா இருக்கீங்களேன்னு. அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பார். அப்படித்தான் மேல வந்தார், அதுல சந்தேகமே வேண்டாம். உள்ளே இருக்கிற அறிவு எத்தனை பேர்கிட்ட இருக்கு. அதை வெளியே சொல்லத் தெரியணும் இல்ல?

இரு, மோட்டார் ஓடுது. நிறுத்திட்டு வந்துடறேன்.

ம். இல்லை, நிரம்பலை, பாதிதான். பாதியோட நிறுத்திடுவேன். முழுத் தொட்டி எதுக்கு, வீட்ல ரெண்டே பேரு, பொண்ணு கல்யாணமாகி புனேயில இருக்கா. தண்ணியை வீணாக்கக் கூடாது பாரு. அதோட, தொட்டி நிரம்ப நிரம்ப இந்த வீட்டுல ஒரு சத்தம் வரும். சுவத்துக்குள்ள. உனக்குக் கேக்காது. சரி, எங்கே விட்டேன்?

ஆமாம், அந்த ரிப்போர்ட். நீ படிச்சவ, உனக்கு நான் ரிக்குன்னா என்னன்னு சொல்ல வேண்டாம். ஆனா எனக்கு அவர் எப்படிச் சொன்னார்னு சொல்றேன். கடல்ல எண்ணெய் தோண்டுற, மூணு கால் இருக்கிற மேசைன்னார். ஆனா மேசை முதல்ல கடல்ல மிதந்துதான் வரும், கப்பல் இழுத்துக்கிட்டு வரும். வந்து சேர்ந்ததும் கால் எல்லாத்தையும் கீழே இறக்கி, தரையில ஊன்றி, உடம்பைத் தண்ணிக்கு மேல தூக்கிக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு பாதம், நம்ம ஹால் அளவு. சரி, நின்னுடுச்சு. ஆனா சும்மா நிக்கிறது போதாது, புயல் வந்தா தாங்கணும் இல்லையா. அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கடல் தண்ணியை மொண்டு தொட்டி தொட்டியா வயித்துல நிரப்பிக்கும். புயல் அழுத்துற அழுத்தத்தைவிட அதிகமாவே பாரம் ஏத்தி, காலை மண்ணுல அழுத்திப் பார்க்கும். தாங்கிச்சுன்னா தண்ணியைத் திறந்து விட்டுட்டு வேலையைப் பார்க்கலாம்.

தாங்குமா தாங்காதான்னு முன்கூட்டியே சொல்றதுதான் அவர் வேலை. இப்ப உன் வேலை.

அந்த இடத்து மண்ணைக் குழாய் குழாயா எடுத்துக்கிட்டு வந்தாங்க. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏதோ சரியில்லைன்னு. என்னங்கன்னு கேட்டா, சாப்பாட்டுத் தட்டையே இழுத்து வச்சுக்கிட்டார். அன்னைக்கு அவர் தங்கச்சி வீட்டுக்காரருக்காகப் பாயசம் வச்சிருந்தேன், கெட்டியா. அது மேல ஒரு அப்பளத்தைப் படுக்க வச்சார். கரண்டியோட பின்பக்கத்தால மெதுவா அழுத்தினார். "பாரு குமாரி, தாங்குது. இன்னும் அழுத்துறேன், தாங்குது. இன்னும்." டப்புன்னு கரண்டி அடிவரைக்கும் போய் பாயசம் அவர் சட்டையில தெறிச்சுது. "மேல கெட்டி மணல், கீழே களி. களின்னா, பேஸ்ட் மாதிரி. தாங்குது, தாங்குது, தாங்குது, அப்புறம் இல்லை. நடுவுல எச்சரிக்கையே கிடையாது. அதான் இந்த மண்ணோட குணம்"னார். நான், சட்டையைக் கழட்டிக் கொடுங்க, கறை போகாதுன்னேன். நல்ல சட்டை அது. பொண்ணு வாங்கிக் கொடுத்தது.

ஒரு கோடு போட்டிருந்தார் கம்ப்யூட்டர்ல. ஆழம் போகப் போக மண் எவ்வளவு தாங்கும்னு. கோடு ஏறிக்கிட்டே போகுது, ஒரு இடத்துல மூக்கு மாதிரி நீட்டிட்டு, திரும்பிப் பின்னாடி வருது. "இந்த மூக்குதான். பாரம் இதைத் தாண்டுற நிமிஷம் கால் நிக்காது. அடுத்த கெட்டி மண் எங்கே இருக்கோ அங்கேதான் போய் நிக்கும்." அது எவ்வளவு தூரம்னு கேட்டேன். வீட்டு மொட்டை மாடியைக் கையால காட்டினார்.

அதுக்கு வழி இல்லையான்னா, இருக்கு. பாரம் ஏத்தும்போது உடம்பைத் தண்ணியை விட்டுத் தூக்கவே கூடாது, வயிறு தண்ணியில தொட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு கால் போனாலும் உடம்பு படகு மாதிரி தண்ணியிலேயே உட்கார்ந்துக்கும், சாயாது. அப்புறம், மூணு காலுக்கும் சேர்த்துப் பாரம் ஏத்தக் கூடாது, ஒவ்வொண்ணா ஏத்தணும். நேரம் ஆகும், அலை வயித்துல அடிக்கும், ரிக்குல இருக்கிறவங்க முணுமுணுப்பாங்க. ஆனா உயிருக்குச் சேதம் இல்லை. உனக்குத் தெரியும். நீயும் அதைத்தான் எழுதியிருப்பே.

அவர் அதை எப்படி எழுதியிருந்தார் தெரியுமா? முதல் பக்கத்துல, எடுத்த எடுப்புல, பெரிய எழுத்துல. "கால் விழும். உடம்பைத் தண்ணீரை விட்டுத் தூக்காதே. ஒரு நேரத்தில் ஒரு கால்." இங்கிலீஷ்லதான், ஆனா இந்த லட்சணத்துல. வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை. சரி, ஏதோ ஒரு அவசரம்னு பார்த்தா, நடுவுல மறுபடி அதே மூணு வரி. கடைசிப் பக்கத்துல, நன்றி சொல்ல வேண்டிய இடத்துல, மறுபடி அதே மூணு வரி. எனக்கு வந்துச்சு பாரு கோவம். "என்னங்க, படிக்கிறவங்க செவிடா? கேப்டன் எத்தனை கடல் பார்த்த மனுஷனோ, அவரைப் பார்த்துத் தூக்காதேங்கிறீங்க. வேலைக்காரிகிட்ட சொல்ற மாதிரி இருக்கு."

"இல்லை குமாரி, இது விழும்"னார்.

"விழட்டும், அதை மரியாதையாச் சொல்லக் கூடாதா?"

முதல் பக்கத்துல இருந்ததை எடுத்துட்டேன். அங்கே எந்தக் கடல், எந்தக் கம்பெனி, யார் கேட்டுக்கிட்டதன் பேர்ல இந்த ஆய்வு, அப்படின்னு அழகா ஆரம்பிச்சேன். கடைசியில இருந்ததை எடுத்துட்டு ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. நடுவுல இருந்ததை விட்டேன். அப்படியே விடலை, திருத்தி விட்டேன். "மேல்படுகையைக் கடந்து கால் கூடுதலாக இறங்குவதற்கான வாய்ப்பை முற்றிலுமாக ஒதுக்கிவிட இயலாது. எனவே, வசதிப்படும் பட்சத்தில், பாரம் ஏற்றும்போது உடற்பகுதியை நீர்மட்டத்தை ஒட்டி வைத்திருப்பதைப் பரிசீலிப்பது விவேகமாக இருக்கும்." தமிழ்ல சொன்னா அதோட அழகு தெரியலை. இங்கிலீஷ்ல படிச்சா, ஒரு இடத்துலகூட நாக்கு தடுக்காது.

அவர் அதைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். "இந்த வசதிப்படும் பட்சத்தில் வேண்டாமே"ன்னார். வெளியே ஆபீஸ் கார் வந்து ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்குது, உள்ளே எனக்குப் பால் பொங்குது. "ஏங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு, கொடுத்து அனுப்புங்க. இத்தனை வருஷமா நான் தப்பா எழுதியிருக்கேனா?"ன்னேன். தப்பா எழுதினதில்லைதான். அவரும் அதைத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பிட்டார்.

அந்த வாரம்தான் ஸ்டெனிஸ்லாஸ் வந்தது. உனக்குத் தெரிஞ்சிருக்காது, நீ அப்போ காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்திருப்பே. ரிக்குல பார்ஜ் இன்ஜினியர். அதாவது, உடம்பைத் தூக்குறது, இறக்குறது, தண்ணி ஏத்துறது எல்லாம் அந்த ஆளோட பொறுப்பு. குளச்சல்காரர். அவர்தான் இவரைத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வந்தார், ரிக் இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி நேர்ல ஒரு தடவை பேசிட்டுப் போகணும்னு. நல்ல உசரம். அந்த நாற்காலியில உட்கார்ந்ததும் அது ஒரு முனகு முனகுச்சு. எங்க வீட்டுல மீன் கிடையாது. வத்தக்குழம்பு போட்டேன். "மேடம், குளச்சல்காரனுக்கு மீனில்லாம சோறு போட்டுட்டு அவன் ரெண்டாந்தடவை கேக்குறான்னா, குழம்பு எப்பேர்ப்பட்டதா இருக்கணும்"னார். என்னமோ சொல்லிச் சிரிக்க வச்சுக்கிட்டே இருந்தார். "ரிப்போர்ட் படிச்சேன் சார், நம்ம ஃபீல்டுல இப்படி ஒரு இங்கிலீஷ நான் பாத்ததே இல்ல, பைபிள் வாசிச்ச மாதிரி போகுது"ன்னார். இவர் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தினேன். வெளியில சொல்றதில்லை நாங்க.

அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து அதே நாற்காலியில உட்கார்ந்து கேட்டார். "சார், நம்ம மூளைக்கு அவ்வளவு இங்கிலீஷ் ஏறாது. ஒரே வார்த்தையில சொல்லுங்க. அங்கே காலு போகுமா, நிக்குமா?"

இவர் வாயைத் திறந்தார். நான் அப்பதான் தாம்பாளத்துல வெத்தலையும் வாழைப்பழமும் எடுத்துக்கிட்டு வர்றேன். வீட்டுக்கு முதல் தடவை வந்தவரைச் சாப்பிட்ட கையோட வேலை பேசி அனுப்பறதா? "அதெல்லாம் ரிப்போர்ட்ல தெளிவா இருக்கு. நீங்க முதல்ல பழம் சாப்பிடுங்க"ன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டே பழத்தை உரிச்சார். அப்புறம் பேச்சு அவர் பொண்ணுங்க படிப்பு, அங்கே இங்கேன்னு போயிடுச்சு. மரியாதை தெரிஞ்ச மனுஷன். மறுபடி கேக்கலை.

அதுக்கப்புறம் நடந்தது உங்க ஆபீஸ் ஃபைல்லயே இருக்கும். அலை வயித்துல அடிச்சு ஆட்டம் அதிகமா இருக்குன்னு உடம்பைத் தண்ணிக்கு மேல தூக்கிட்டாங்க. வானிலை மாறுறதுக்குள்ள முடிச்சிடணும்னு மூணு காலுக்கும் சேர்த்துப் பாரம் ஏத்தினாங்க. தாங்குது, தாங்குதுன்னு எழுதிக்கிட்டே இருந்திருக்காங்க. ஸ்டெனிஸ்லாஸ் முன்கால் பக்கத்துல நின்னு, கால்ல போட்டிருக்கிற அளவுக்கோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாராம். அந்தக் கால்தான் போச்சு. ரிக்கே அந்தப் பக்கம் சரிஞ்சு, மேல கிடந்த குழாய் எல்லாம் உருண்டு வந்து. மத்தவங்களுக்குக் கை உடைஞ்சுது, கால் உடைஞ்சுது, பொழைச்சுக்கிட்டாங்க. அவர் ஒருத்தர்தான்.

போன் வரும்போது இவர் அந்த நாற்காலியில உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டு இருந்தார். "எந்தக் கால்?"னு மட்டும் கேட்டார். அப்புறம் "உடம்பு எங்கே இருந்துச்சு?"ன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, யாரோட உடம்புன்னு. ரிக்கோட உடம்பைக் கேட்டிருக்கார்.

விசாரணை நடந்துச்சு. வெளியூர்லேருந்து பெரிய பெரிய ஆளுங்க வந்தாங்க. இந்த ரிப்போர்ட்டை வரிவரியாப் படிச்சாங்களாம். யார் எழுதினதுன்னு கேட்டதுக்கு, நான்தான்னு சொல்லியிருக்கார். கடைசியில தீர்ப்பு என்ன தெரியுமா? ஆபத்தைப் பத்தி ரிப்போர்ட்ல உரிய முறையில குறிப்பிடப்பட்டிருக்கு, ரிக்குல பொறுப்புல இருந்தவர்தான் அதை உரிய கவனத்துல எடுத்துக்கலை. இறந்துபோனவர் தவறுன்னுட்டாங்க. பாவம்தான், நான் பாவம் இல்லைன்னு சொல்லலை. ஆனா ரிப்போர்ட்டுல தப்பில்லைன்னு ஆயிடுச்சு இல்லையா? உரிய முறையில குறிப்பிடப்பட்டிருக்கு. அந்த வார்த்தையைக் கவனி. உரிய முறையில.

அதைக் கேட்டதும் நான் சாமிக்கு விளக்கேத்தினேன். இவர் அன்னைக்கே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டார். என்கிட்ட காட்டாம. அவரே எழுதி, அவரே கொடுத்துட்டு. அதுல எத்தனை பிழை இருந்துச்சோ. எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. தப்புன்னு சொல்லியிருந்தா வேலையை விடலாம். தப்பில்லைன்னு சொன்ன அப்புறம் எதுக்கு விடணும்?

அதுலேருந்துதான் அவருக்கு உடம்பு சரியில்லைங்கிறேன். என்ன சரியில்லைன்னு கேளு. எந்தக் காகிதத்தையும் என்கிட்ட கொடுக்கறதில்லை. பேங்குக்கு எழுதறதா, அவரே எழுதுவார். நகராட்சிக்குச் சாக்கடை அடைப்புன்னு ஒரு மனு போட்டார், "சாக்கடை அடைச்சிருக்கு. சாக்கடை அடைச்சிருக்கு. உடனே வரவும்." அப்படியே. நான் பக்கத்துல நிக்கிறேன், பேனாவை நீட்டிக்கிட்டு. உறையில போட்டு ஒட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டார். மறுநாளே வந்து அள்ளிட்டாங்க, அது வேற விஷயம். மத்தபடி நல்லாச் சாப்பிடுறார், நல்லாத் தூங்குறார், தோட்டத்துல கத்திரி, கொத்தவரை போட்டிருக்கார். சண்டை கிடையாது. என்கிட்ட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை. இது ஒரு வியாதி இல்லையா?

பாட்டிலைப் பிடி, பிடி, உருளுது பாரு. உருளலையா? நீ கையில வச்சிருக்கிறதால தெரியலை. கீழே வச்சா தெரியும். அன்னைக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணு கை தவறி விழுந்துச்சு, விழுந்த இடத்துல நிக்கணும் இல்ல? மெதுவா, தானா, அந்த மூலைக்குப் போகுது. போய் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். ரசமட்டம் வச்சுப் பார்த்துட்டு, "மட்டம் சரியா இருக்கும்மா"ங்கிறான். வேற ஒருத்தனைக் கூப்பிட்டேன், டியூபுல தண்ணி ஊத்திப் பார்த்தான், அவனும் அதையேதான் சொல்றான். கூலிக்கு வந்தவங்க, வேலை எடுத்துச் செய்யப் பயம், பொய் சொல்றாங்க. இவரைக் கூப்பிட்டு, நீங்க மண்ணு படிச்சவர்தானே, நீங்க சொல்லுங்க, வீடு இறங்குதா இல்லையான்னு கேட்டேன். வந்து அந்த மூலையில உட்கார்ந்து, தரையில கையை வச்சுப் பார்த்தார். ரொம்ப நேரம் வச்சிருந்தார். "வீடு நல்லா இருக்கு குமாரி"ன்னார். அவ்வளவு மெதுவாச் சொன்னார். எனக்கு அதுதான் பிடிக்கலை.

தொட்டி நிரம்பும்போது சத்தம் வரும்னேனே. தண்ணி ஏற ஏற, சுவத்துக்குள்ள ஒரு பெருமூச்சு மாதிரி. அதுக்கப்புறம் அந்த நாற்காலி ஒரு முனகு முனகும். பிரம்பு நாற்காலின்னா வெயிலுக்கு முனகும், தெரியும் எனக்கு. நான் ஒண்ணும் படிக்காதவ இல்லை. ஆனா அதுக்குப் பின்னாடியே அந்தக் குளச்சல் பேச்சு. "ஒரே வார்த்தையில சொல்லுங்க." கோவமா இல்லை. சிரிச்சுக்கிட்டேதான். பழம் உரிச்சுக்கிட்டே கேக்குற மாதிரி. நான் அடுப்படியில இருந்தாலும் கேக்கும். பட்டப்பகல்ல கேக்கும். முதல்ல எல்லாம், சாப்பிடுங்க, சாப்பிடுங்கன்னு வாய்விட்டே சொல்லிடுவேன். இப்ப மோட்டாரைப் பாதியிலேயே நிறுத்திடறேன். பாதியில நிறுத்தினா கேக்கறதில்லை. எவ்வளவு சுலபமான வழி பாரு.

சரி, கதை போதும். உன் ரிப்போர்ட்டைக் கொடு.

கொடும்மா. சாயங்காலத்துக்குள்ள வேணும்னியே. எதுக்குத் தயங்குறே, நான் என்ன தின்னுடவா போறேன்? கொடுன்னா கொடு. ம். கண்ணாடி எங்கே. இந்தா.

எழுத்து நல்லாத்தான் இருக்கு. எந்த ஸ்கூல்? ஓ, கவர்ன்மென்ட் ஸ்கூலா, பரவாயில்லையே. அட, என்னம்மா இது. எடுத்ததுமே "கால் விழும்". விழும். இறங்கக்கூடும்னு இல்லை, வாய்ப்பு உண்டுன்னு இல்லை. விழும். "உடம்பைத் தூக்காதே." உங்க மேலதிகாரி சொன்னதுல தப்பே இல்லை. பார்த்ததுமே அடிக்கிற மாதிரி இருக்கு. பக்கத்தைத் திருப்பினா, ம், நடுவுல மறுபடி அதேதான். கடைசியில பார்ப்போம். கடைசியிலயும். மூணு இடத்துல. நீயும் மூணு இடத்துல எழுதியிருக்கே. உனக்கு யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தா? அந்தப் பேனாவை எடு, டிவிக்குப் பக்கத்துல இருக்கு. இதுல முதல்ல இருக்கிறதை எடுத்துடுவோம். எடுத்துட்டு, கடைசியில.

எங்கே பார்க்கிறே? என்னங்க, நீங்க எதுக்கு இந்த வெயில்ல உள்ளே வந்து. கையெல்லாம் மண்ணு, தரையைப் பார்த்து வாங்க. இது ஒண்ணும் இல்லை, யாரோ தெரிஞ்ச பொண்ணு. ஃபர்ஹானாவா? உங்களுக்கு எப்படித் தெரியும் இவ பேரு? போன்ல பேசியிருக்கீங்களா? எத்தனை நாளா? மண்ணைப் பத்தியா? அப்ப இந்தக் கோடு, இது எல்லாம் நீங்க பார்த்ததுதானா.

இருங்க, படிச்சுக்கிட்டு இருக்கேன். என்னங்க. காகிதத்தை விடுங்க, மண்ணு ஆகுது. என்னங்க.

சரி. எடுத்துக்கோங்க.

பார்த்தியா, நீயே பார்த்தே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் நீட்டாம என் கையிலேருந்து ஒரு காகிதத்தை அவர் வாங்கினதே இல்லை. கொடுத்துத்தான் பழக்கம். பிடுங்கினார்னு சொல்ல மாட்டேன். வாங்கினார்தான். ஆனா என் விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டு வாங்கினார். உன்கிட்ட என்ன சொன்னார்? காதுல விழுந்துச்சு. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே, நான் உன்கூட ஆபீசுக்கு வர்றேன், உங்க மேலதிகாரிகிட்ட நானே பேசுறேன். அந்த ஆபீஸ் படியை மிதிக்க மாட்டேன்னு இருந்த மனுஷன். போய்ச் சட்டை மாத்துறார். பீரோ சத்தம் கேக்குது.

போகட்டும். போய்ப் பேசட்டும். உன் ரிக்காவது தண்ணியிலேயே வயித்தை வச்சுக்கிட்டு ஒவ்வொரு காலா அழுத்தட்டும். எனக்கு என்ன, எனக்கு அதுல வருத்தமா? நானும் ஆளுங்க நல்லா இருக்கணும்னு நினைக்கிறவதான்.

ஒண்ணு மட்டும் சொல்றேன், அவர் வர்றதுக்குள்ள. அந்த விசாரணையில, யார் எழுதினதுன்னு கேட்டப்ப, நான்தான்னு சொன்னார் இல்லையா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட ஏதாவது கேப்பார்னு நினைச்சேன். கேக்கலை. காபி கேட்டார். மறுநாள் கேப்பார்னு பார்த்தேன். ஏன் முதல் பக்கத்துலேருந்து எடுத்தேன்னு கேக்கலாம். ஏன் அந்த ஆளைப் பேச விடலைன்னு கேக்கலாம். கேட்டா சொல்றதுக்கு என்கிட்ட எல்லாம் தயாரா இருக்கு. எப்பவோ தயார் பண்ணி வச்சுட்டேன், ஒரு பிழை இல்லாம. கேட்டிருந்தார்னா, அன்னைக்கே சண்டை போட்டு, அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இத்தனை வருஷமா ஒரு தடவைகூட கேக்கலை.

என்ன அப்படிப் பார்க்கிறே? நீ ஏதோ கேக்க வர்றே. வாய் வரைக்கும் வந்திருக்கு, எனக்குத் தெரியுது. நான் வேற உன்னைப் பேசவே விடலை. இப்ப கேளு. நான் குறுக்கே பேசலை.

கேளும்மா.

கேக்க மாட்டே. சரி, எழுந்திரு. அவர் வந்துட்டார்.